ஹிரோஷிமாவின் முக்கோண எஞ்சினும் அதன் பெட்ரோல் கணக்கும்

மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். 1960களின் தொடக்கம், ஹிரோஷிமா, எஞ்சினின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல், அந்தக் கீறலுக்குப் ‘பிசாசின் நகக்கீறல்’ என்று பெயர், அதை ஒழிக்கக் கிளம்பிய நாற்பத்தேழு எஞ்சினியர்கள், கடைசியில் வெற்றி. கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்தியவன் நான். வகுப்பில் இந்தக் கதையை எடுத்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். கதை முடிந்ததும் எந்த வருடத்துப் பையனும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “சார், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?”

சரியான கேள்வி. இந்த எஞ்சினின் பெரிய போராட்டம் நகக்கீறலோடு முடியவில்லை. அதற்குப் பத்து வருடம் கழித்துப் பெட்ரோல் விஷயத்தில்தான் தொடங்கியது. அதில் ஒரு கம்பெனியே மூழ்கப் பார்த்தது. அந்தப் பகுதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் லேபில் ரோட்டரி எஞ்சினின் வெட்டு மாடல் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால், பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று இடுப்பு ஒடுங்கிய கூட்டுக்குள் தள்ளாடியபடி உருளும். அதன் மூன்று முனைகளும் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் போகும். ஆகவே உள்ளே எப்போதும் மூன்று அறைகள். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டிருக்க, இன்னொன்றில் அமுக்கமும் வெடிப்பும் நடக்க, மூன்றாவது புகையை வெளியே தள்ளும். வால்வு கிடையாது. கனெக்டிங் ராடு கிடையாது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன் கிடையாது. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டரில் ஒரு வெடிப்பு. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். சின்ன உடம்புக்குள் அவ்வளவு பலம் வந்த வழி இது.

பலம் வந்த அதே வழியில்தான் செலவும் வந்தது. முதலில் சிசி கணக்கு. 1,146 சிசி என்று எழுதியிருக்கும் ரோட்டரி, இரண்டு சுற்றில் இழுத்துக்கொள்ளும் காற்று 2.3 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் இழுக்கும் காற்றுக்குச் சமம். ஜப்பான் அரசுகூட வரி போடும்போது ரோட்டரியின் சிசியை ஒன்றரை மடங்காக்கித்தான் கணக்கிட்டது. ஆகவே இன்னொரு 1,100 சிசி காரோடு இதை ஒப்பிட்டு மைலேஜ் கேட்பது நியாயமில்லை.

அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் குறை மிச்சமிருக்கிறது. வெடிப்பு நடக்கும் அறை நீளமானது, தட்டையானது. எரியும்போதே நகர்ந்துகொண்டும் இருக்கிறது. முன்பக்கம் பற்றிய தீ பின்மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த மூலையிலிருக்கும் கலவை குளிர்ந்த சுவரில் ஒட்டிக்கொண்டு எரியாமலே வெளியேறிவிடும். கொள்ளளவுக்குச் சுவரின் பரப்பு மிக அதிகம். கொதிநீரைச் செம்பில் வைத்தால் சூடு நிற்கும், அதையே தாம்பாளத்தில் ஊற்றினால் சட்டென்று ஆறிவிடும் அல்லவா, அந்தக் கணக்குத்தான்: உந்துவதற்கு வேண்டிய சூடு சுவர் வழியாக ரேடியேட்டருக்குப் போய்விடுகிறது. இதோடு முனைகளிலும் பக்கங்களிலும் இருக்கும் சீல்கள் வழியாகக் கொஞ்சம் கசிவு. வேகமாகச் சுற்றும்போது கசிவதற்கு நேரம் கிடைக்காது. நகர நெரிசலில் ஊரும்போது கிடைக்கும். தீ அறை முழுக்கப் பரவ வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக் வைத்தார்கள். அதுவும் போதவில்லை.

இப்படிப்பட்ட ஒன்றை எதற்காக ஒரு கம்பெனி தலையில் தூக்கி வைத்துக்கொண்டது? அதற்கு ஊரைப் பார்க்க வேண்டும்.

மகள் ஜப்பானில் வேலையில் இருந்தபோது ஹிரோஷிமாவுக்குப் போயிருந்தேன். நகரத்தின் கிழக்கே ஹிஜியாமா என்று ஒரு குன்று. நம் மருதமலையைவிடச் சின்னது; இப்போது பூங்காவும் கலைக்கூடமுமாக இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி குண்டு வெடித்த மையத்துக்கும் ஃபுச்சூவில் இருந்த தொழிற்சாலைக்கும் நடுவில் நின்றது அந்தக் குன்று. கட்டடங்கள் பெருமளவு தப்பின. மாவட்ட நிர்வாகம் தன் அலுவலகங்களைக் கொஞ்ச காலம் அந்தத் தொழிற்சாலையில்தான் நடத்தியது. 1920-இல் தக்கை செய்யத் தொடங்கி, 1931-இல் மூன்று சக்கர சரக்கு வண்டிக்கு மாறிய டொயோ கோக்யோ கம்பெனி அது. வண்டிகளுக்கு மாஸ்டா என்று பெயர். எரிந்த ஊர் திரும்ப எழுந்தபோது வேலை கொடுத்த பெரிய இடம் அதுதான். அந்தக் கம்பெனி விழுந்தால் ஊரே விழும் என்ற நிலை பின்னால் வந்தபோது அங்கிருந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தொழில் வர்த்தக அமைச்சகம், கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன, சிலவற்றை இணைத்துவிடலாம் என்று யோசித்தது. டோக்கியோவுக்கு வெகு தூரத்தில், கார் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு இது மரணச் செய்தி. தலைவர் ட்சுனேஜி மட்சுதா, யாரிடமும் இல்லாத ஒன்று நம்மிடம் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்று கணக்குப் போட்டார். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவரின் யோசனையை வைத்து நெக்கர்சுல்ம் நகரத்து என்எஸ்யு கம்பெனி 1957-இல் ரோட்டரி எஞ்சினை ஓட்டிக் காட்டியிருந்தது. 1961-இல் அதற்கு உரிமம் வாங்கினார் மட்சுதா. 1963-இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் தனி ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. விழித்திருந்தாலும் தூங்கினாலும் ரோட்டரி நினைப்பாகவே இருக்க வேண்டும் என்பது அவர் தன் ஆட்களுக்குப் போட்ட விதி. நகக்கீறலை அவர்கள் ஒழித்தது, அலுமினியம் ஏற்றிய கார்பன் சீல்களைக் கொண்டு. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: 982 சிசி, 110 குதிரைத்திறன், பார்க்க விண்கலம் போல ஒரு உடல். அன்றைக்கு அதன் மைலேஜைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெட்ரோல் மலிவு.

1970-இல் மாஸ்டா அமெரிக்காவுக்குள் நுழைந்தது. ஆர்எக்ஸ்-2, ஆர்எக்ஸ்-3 என்று வரிசையாக ரோட்டரி கார்கள். சத்தமில்லாமல் பாயும் இந்தச் சின்னக் கார்களுக்கு அங்கே பெரிய வரவேற்பு; மூன்றே வருடத்தில் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஜெனரல் மோட்டார்ஸே ஐந்து கோடி டாலர் கொடுத்து ரோட்டரி உரிமம் வாங்கிக்கொண்டது. பிஸ்டனின் காலம் முடிந்தது என்று நம்பியவர்கள் அப்போது நிறையப் பேர்.

அந்த 1970-இல்தான் அமெரிக்கா புகைக்குக் கடுமையான சட்டம் போட்டது. ரோட்டரியில் நைட்ரஜன் ஆக்சைடு குறைவு. எரியாத பெட்ரோல் புகை மிக அதிகம். மாஸ்டா கண்டுபிடித்த மருந்துக்கு வெப்ப உலை என்று பெயர் சொல்லலாம். எஞ்சினின் புகைவாயிலை ஒட்டிக் கனமான இரும்பு அறை ஒன்று. அதற்குள் வெளிக்காற்றைச் செலுத்தினால் மிச்சமிருக்கும் பெட்ரோல் அங்கே எரிந்து தீர்ந்துவிடும். அருமையாக வேலை செய்தது. டெட்ராய்ட்டின் பெரிய கம்பெனிகள் இந்தச் சட்டத்தை நிறைவேற்றவே முடியாது என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, ஹோண்டாவுக்கு அடுத்தபடியாக மாஸ்டா அந்த வரம்பைத் தொட்டுக் காட்டியது.

ஆனால் அந்த உலை அணையாமல் இருக்க வேண்டுமானால் அதற்கு எரிபொருள் வேண்டும். எஞ்சினுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் கலந்து அனுப்பினால்தான் புகையில் எரிவதற்கு மிச்சமிருக்கும். கார்புரேட்டரை ‘ரிச்’சாக வைத்து, சைலன்சருக்குப் போகும் வழியில் எரிப்பதற்கென்றே பெட்ரோலை ஊற்றினார்கள். காற்றைச் சுத்தமாக்கிய கருவி டேங்கைக் காலி செய்தது. இந்த இடத்தைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அவர்கள் ஒரு நல்ல காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் வெடித்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் தெருக்கோடி வரை நின்றன. அந்த நேரம் பார்த்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் சோதனை எண்களை வெளியிட்டது. நகர ஓட்டத்தில் மாஸ்டா ரோட்டரி ஒரு காலனுக்கு 11 மைலுக்குச் சற்று முன்பின். நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. எட்டு சிலிண்டர் அமெரிக்கப் படகுக் கார்களோடு ஒரே வரிசையில் வந்து நின்றது, உள்ளங்கை அகல ஜப்பான் கார்.

சோதனை முறை நியாயமில்லை, குளிர்ந்த எஞ்சினை எடுத்து நகர வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் ரோட்டரிக்குப் பாதகமாகத்தான் வரும் என்று மாஸ்டா முறையிட்டது. எஞ்சினியர் என்ற முறையில் அந்த வாதம் சரி என்பேன். ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, சிக்னலுக்குச் சிக்னல் நின்று வேலைக்குப் போகிறவன்தானே கார் வாங்குகிறவன்? அவனுக்கு அந்த எண்தான் உண்மை. அமெரிக்க விற்பனை ஒரே வருடத்தில் ஏறக்குறைய பாதியானது. அப்போது தலைவராக இருந்த கோஹெய் மட்சுதா, நெருக்கடி தற்காலிகமானது என்று நம்பி உற்பத்தியைக் குறைக்காமல் விட்டார். விற்காத கார்கள் குவிந்தன.

மற்றவர்கள் வேகமாகக் கைகழுவினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1974-இல் தன் ரோட்டரியை ஒதுக்கியது. பிரான்சின் சிட்ரோவென், ஜிஎஸ் பைரோட்டார் என்ற ரோட்டரி காரை ஆயிரம்கூடச் செய்யாமல் நிறுத்தி, விற்ற கார்களையே திரும்ப வாங்கி உடைக்க முயன்றது. என்எஸ்யுவின் ரோ 80 மட்டும் 1977 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. மாஸ்டாவால் அப்படி விட முடியவில்லை. சுமிடோமோ வங்கி உள்ளே வந்து கணக்கைக் கையிலெடுத்தது. தொழிலாளர்களைக் கூண்டோடு வெளியேற்றவில்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை நாடெங்கும் இருந்த விற்பனைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். ஸ்பானர் பிடித்த கைகள் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் வீட்டு வாசல்களில் நின்று கார் விற்றன. ஹிரோஷிமாவில் தெருவில் நடக்கும்போது, வயதான யாரைப் பார்த்தாலும், இவர் அப்படிப் போனவராக இருப்பாரோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கம்பெனிக்குள் எல்லா விரலும் யமமோட்டோவின் குழுவை நோக்கித்தான் நீண்டிருக்கும். ரோட்டரியை நிறுத்திவிடலாம், சாதாரண எஞ்சின் காரைச் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எளிய வழி. அவர்கள் இரண்டையும் செய்தார்கள்: பிஸ்டன் கார்களைப் பெருக்கினார்கள், கூடவே 1974-இல் பீனிக்ஸ் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ரோட்டரியின் எரிபொருள் சிக்கனத்தை 40 சதவீதம் உயர்த்துவது குறி.

நாற்பது சதவீதம் என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு சதவீதம் கூட்டினாலே எஞ்சின் பிரிவு இனிப்பு வாங்கிக் கொடுக்கும். ஒரே பெரிய கண்டுபிடிப்பால் அது நடக்கவில்லை. சின்னச் சின்னத் திருத்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் நடந்தது. முதலில் உலையையும் கார்புரேட்டரையும் திருத்தினார்கள். சீல்களின் கசிவைக் குறைத்தார்கள். பற்றவைப்பைச் சீராக்கினார்கள். இதில் முதல் 20 சதவீதம் கிடைத்தது. அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கலவையை மெலிதாக்கினால், அதாவது பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால், உலை குளிர்ந்து அணைந்துவிடுகிறது. உலை ஏன் குளிர்கிறது? அதற்குள் செலுத்துகிற வெளிக்காற்று குளிர்ந்திருப்பதும் ஒரு காரணம். அப்படியானால் அந்தக் காற்றைச் சூடாக்கி அனுப்பு. சூடாக்க எங்கே போவது? புகைக்குழாயிலேயே வீணாகப் போகும் சூடு இருக்கிறது. புகைப் பாதையில் வெப்பமாற்றி ஒன்றை வைத்து, உலைக்குப் போகும் காற்றைப் புகையின் சூட்டாலேயே காய்ச்சினார்கள். உலை மெலிந்த கலவையிலும் எரிந்தது. இனி அதற்காகப் பெட்ரோலை ஊற்ற வேண்டியதில்லை. குறித்த 40 சதவீதம் கைக்கு வந்தது.

தன் எஞ்சின் எங்கே கசிகிறது என்று குழாய் குழாயாகத் தேடிப் போன இந்த வேலை படம் எடுக்கத் தோதானது அல்ல. இதில் பிசாசும் இல்லை. ஆனால் நகக்கீறலை ஒழித்தபோது அந்தக் குழுவுக்குப் பின்னால் கம்பெனியின் முழு நம்பிக்கை இருந்தது. இப்போது அது இல்லை. அதனால்தான் இந்த இரண்டாவது வெற்றியை நான் உயர்த்திச் சொல்கிறேன்.

எஞ்சினைத் திருத்தியதோடு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அதில்தான் பலத்துக்கும் சிக்கனத்துக்குமான வழக்கே தீர்ந்தது என்பேன். குடும்பக் கார், சரக்கு வண்டி, பஸ் என்று எல்லாவற்றிலும் ரோட்டரியைப் பொருத்திப் பார்த்த காலம் முடிந்தது. இந்த எஞ்சினுக்கு ஏற்ற வண்டி எது? எப்போதும் கொஞ்சம் உயர்ந்த சுற்றிலேயே ஓடுகிற, சின்ன எஞ்சினால் லாபம் அடைகிற, எடை குறைந்த வண்டி. ஸ்போர்ட்ஸ் கார்.

1978 மார்ச்சில் ஜப்பானில் சவான்னா ஆர்எக்ஸ்-7 வெளிவந்தது. வடிவமைப்பு மட்டசபுரோ மயேதாவுடையது. இரண்டு ரோட்டர், 1,146 சிசி, ஜப்பானில் 130 குதிரைத்திறன்; புகைக் கட்டுப்பாட்டோடு அமெரிக்காவில் 100. எஞ்சின் அவ்வளவு சிறியது என்பதால் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்தது. எஞ்சின் தாழ்வாக உட்கார்ந்ததால் பானெட்டும் தாழ்ந்தது, விளக்குகள் வேண்டும்போது மட்டும் எழுந்து நின்றன. காற்றுத் தடை எண் 0.36, அந்தக் காலத்துக்கு நல்ல எண். முழு வண்டியும் ஏறக்குறைய ஒரு டன்தான். நூறு குதிரையைக் கொண்டு அவ்வளவு எடையைத் தள்ளுவதற்கு வெறிபிடித்தாற்போலப் பெட்ரோல் ஊற்ற வேண்டியதில்லை. எஞ்சினால் கொடுக்க முடியாத சிக்கனத்தில் ஒரு பங்கை உடம்பு கொடுத்தது.

சிக்கனமான கார் என்று ஆர்எக்ஸ்-7-ஐ யாரும் சொல்லமாட்டார்கள். கொடுக்கிற ஓட்டத்துக்கு இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று வாங்குகிறவன் சொல்லும் அளவுக்கு அது வந்துசேர்ந்தது. அமெரிக்காவில் 7,000 டாலருக்குள் விலை. போர்ஷே 924 வாங்கக் காசில்லாத இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் தலைமுறையில் மட்டும் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி விற்றது. எண்ணெய் நெருக்கடி வராமல் இருந்திருந்தால் மாஸ்டா குண்டு குண்டான ரோட்டரி செடான்களையே செய்துகொண்டிருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1979-இல் இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஆர்எக்ஸ்-7 தாக்குப்பிடித்தது. அவமானப்பட்ட யமமோட்டோ 1984-இல் கம்பெனியின் தலைவரானார்.

1981-இல் வந்த ஆறு வாயில் எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. காற்று உள்ளே வரும் வாயில் பெரிதாகவும் நெடுநேரம் திறந்தும் இருந்தால் உயர் சுற்றில் பலம் கிடைக்கும். குறைந்த சுற்றில் கலவை பின்வாங்கி வீணாகும். சிறிதாக இருந்தால் நேர்மாறு. அவர்கள் ஒரு ரோட்டருக்கு மூன்று வாயில் வைத்து, மூன்றாவதைப் புகையின் அழுத்தம் ஏறும்போது மட்டும் தானாகத் திறக்கும்படி செய்தார்கள். ஊரும்போது சிக்கனக்காரன், மிதித்தால் ஓட்டக்காரன். கூடவே வெப்ப உலை போய் வினையூக்கி மாற்றி வந்தது. கலவையை இன்னும் மெலிதாக்க முடிந்தது. இரண்டு ஆசைகளையும் ஒரே எஞ்சினுக்குள் சண்டையில்லாமல் குடிவைத்த வேலை இது.

பிறகு டர்போ காலம். எண்ணெய் விலை சரிந்தது, ஜப்பானில் பணம் புரண்டது. 1985-இன் இரண்டாம் ஆர்எக்ஸ்-7 டர்போவோடு 185 குதிரைத்திறன். 1991-இல் வந்த மூன்றாவது, இரட்டை டர்போவோடு 255. நடுவில் மூன்று ரோட்டரோடு யூனோஸ் காஸ்மோ என்று ஒரு சொகுசுக் கார், 280 குதிரைத்திறன். அதன் பெட்ரோல் தாகம் இன்றுவரை பேச்சு. மூன்றாவது ஆர்எக்ஸ்-7 எனக்குத் தெரிந்து உலகத்தின் அழகான கார்களில் ஒன்று. எடையையும் 1,300 கிலோவுக்குக் கீழேயே நிறுத்தினார்கள். ஆனால் சிக்கனத்தின் கதைக்கு இந்தக் காலம் அதிகம் சேர்க்கவில்லை. கதை அப்போது பந்தயத் தடத்தில் நடந்துகொண்டிருந்தது.

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் குரூப் சி விதி என்று ஒன்று இருந்தது. எஞ்சின் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு காருக்கு 2,550 லிட்டர் பெட்ரோல்தான். வேகமாகப் போகிறவன் நடுராத்திரியில் கணக்குப் பார்த்து மெதுவாகியே ஆக வேண்டும். உலகத்தில் பெட்ரோல் குடிக்கும் எஞ்சின் என்று பெயரெடுத்த ஒன்றை இந்தப் பந்தயத்துக்குக் கொண்டுபோனது மாஸ்டா, 1991 ஜூனில், 787பி என்ற காரில். நான்கு ரோட்டர், 2,616 சிசி, 700 குதிரைத்திறன்.

அந்த எஞ்சினில் செய்திருந்ததைப் பாருங்கள். நீளமான தட்டை அறையின் பின்மூலையில் பெட்ரோல் எரியாமல் தப்புகிறது என்றேன் அல்லவா? அங்கே மூன்றாவதாக ஒரு பிளக்கை வைத்தார்கள். காற்று வரும் குழாய்களை, எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப ஓடும்போதே நீளவும் குறுகவும் செய்தார்கள். எந்தச் சுற்றிலும் கலவை வீணாகாமல் அறை நிறையும். முனை சீல்களைச் செராமிக்கில் செய்தார்கள். லேப் மாடலைச் சுற்றிக் காட்டி நான் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் அந்த எஞ்சினில் ஒரு பதில் இருந்தது.

விதியிலும் ஒரு உதவி கிடைத்தது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஜாகுவார், மெர்சிடிஸ் கார்கள் 1,000 கிலோ இருக்க வேண்டும். மாஸ்டாவுக்கு 830 கிலோ போதும் என்று அவர்களுடைய பந்தயப் பிரிவின் தலைவர் டகாயோஷி ஓஹாஷி பேசி வாங்கியிருந்தார். ரோட்டரியால் ஜெயிக்க முடியாது என்று நினைத்ததால் மற்றவர்கள் அதைப் பெரிதாக எதிர்க்கவில்லை. 7.4 லிட்டர் எஞ்சின் வைத்த ஜாகுவார்கள் பெட்ரோல் கணக்குக்குப் பயந்து தங்கள் வேகத்தைக் காட்ட முடியாமல் ஓடின. மாஸ்டாவின் 55-ஆம் எண் காரை வைட்லரும் ஹெர்பர்ட்டும் கஷோவும் மாறிமாறி ஓட்டினார்கள். அவர்களுக்கு வேகத்தை இழுத்துப் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. ஞாயிறு மதியம் முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் எஞ்சின் சூடேறி நின்றது. ஆரஞ்சும் பச்சையும் பூசிய மாஸ்டா 362 சுற்று, ஏறக்குறைய 4,923 கிலோமீட்டர் ஓடி ஜெயித்தது. இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் ஜாகுவார். லெ மானில் ஒரு ஜப்பானியக் கார் ஜெயித்தது அதுவே முதல்முறை. கடைசியாக ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் களைத்து விழுந்து, மேடை ஏறவே முடியாமல் போனார்.

2,550 லிட்டரையும் முழுசாகச் செலவழித்திருந்தாலும்கூட லிட்டருக்கு 1.93 கிலோமீட்டர். என் மாணவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு இரவும் ஒரு பகலும் எழுநூறு குதிரையை ஓட விட்டுக் கிடைத்த எண் இது, அன்றைக்குத் தடத்தில் இருந்த பெரிய எஞ்சின்காரர்கள் இதைவிடக் குறைந்த தூரம்தான் ஓட முடிந்தது என்று விளக்கியதும் சிரிப்பு நின்றுவிடும். அந்தக் கார் இன்று ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகாய்நாடா ரயில் நிலையத்திலிருந்து கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நடந்துபோனால், அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். முன்பதிவு மட்டும் தேவை. பந்தயம் முடிந்ததும் ஒட்டியிருந்த அழுக்கு இப்போது இல்லை. எஞ்சினைத் தனியே வைத்திருக்கிறார்கள், மூன்று பிளக் துளைகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

2003-இல் ஆர்எக்ஸ்-8 வந்தது. அதன் எஞ்சினில் புகை வாயிலைச் சுற்றுச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றியிருந்தார்கள். காற்று வாயிலும் புகை வாயிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பழைய நிலை ஒழிந்தது. எரியாத கலவை வெளியே ஓடாமல் அடுத்த சுற்றுக்கு உள்ளேயே தங்கியது. டர்போ இல்லாமலே ஜப்பானில் 250 குதிரைத்திறன். அந்த வருடத்தின் சர்வதேச எஞ்சின் விருதும் அதற்குத்தான். ஆனால் அமெரிக்காவில் 247 என்று விளம்பரப்படுத்திவிட்டு, வினையூக்கி மாற்றி நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காகக் கலவையைத் திருத்தியதும் அது 238 ஆகக் குறைந்தது. வாங்கியவர்களிடம், வேண்டாமென்றால் காரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனியே முன்வந்து சொன்னது. முப்பது வருடத்துக்கு முன் வெப்ப உலையில் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை: புகையைச் சுத்தமாக வைக்க வேண்டும், பலமும் வேண்டும், பெட்ரோலும் மிச்சமாக வேண்டும். ஐரோப்பாவின் புதிய புகை விதி 2010-இல் ஆர்எக்ஸ்-8-ஐ அங்கிருந்து வெளியேற்றியது. 2012-இல் ஹிரோஷிமாவிலும் உற்பத்தி நின்றது.

2023-இல் ரோட்டரி திரும்ப வந்தது, எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில். ஒரே ரோட்டர், 830 சிசி, 75 குதிரைத்திறன். பெட்ரோல் நேராக அறைக்குள் பீய்ச்சப்படுகிறது, முனை சீலின் அகலம் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகியிருக்கிறது. சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பேட்டரிக்கு மின்சாரம் தயாரிப்பது மட்டும்தான் வேலை. சிக்னலில் ஊர வேண்டாம், திடீரென்று மிதிபட வேண்டாம். தனக்குச் சாதகமான சுற்றுகளை ஒட்டியே ஓடினால் போதும். தட்டை அறையின் குறைகள் மிகக் குறைவாகத் தலைகாட்டும் நிலை அது. அதே வருடம் டோக்கியோ கண்காட்சியில் ஐகானிக் எஸ்பி என்ற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியைக் காட்டினார்கள்: இரண்டு ரோட்டர் மின்னாக்கி, 370 குதிரைத்திறன், 1,450 கிலோ. அடுத்த பிப்ரவரியில் ரோட்டரிக்கென்று தனிப் பிரிவை மறுபடியும் அமைத்தார்கள். அந்தக் கார் விற்பனைக்கு வருமானால், குதிரைத்திறனையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால், பேட்டரி காலியான நிலையில் நகரத்துக்குள் ஓட்டி எடுத்த எண்ணைத்தான் நான் தேடுவேன். 1974-இல் ஹிரோஷிமாவைக் கவிழ்க்கப் பார்த்த அதே எண்ணை.